பதினாறு நாள் முட்டை

நாலு முட்டை போதும். அஞ்சாக வைக்கலாமா என்று கை ஒருமுறை பிரிட்ஜ் கதவுக்குப் போய்த் திரும்பி வந்தது. வேண்டாம். நாலுதான் சொல்லியிருக்கிறார்கள். டயாலிசிஸ் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு முட்டையின் வெள்ளைக்கரு, மஞ்சள் ஆகாது, உப்பு ஆகாது, தண்ணீர் அளந்துதான். மூன்று வருடமாக இதே நாலு. சட்டியை அடுப்பில் வைத்து, முட்டைகள் முழுகி ஒரு விரற்கடை மேலே நிற்கிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மணி எட்டு பத்து. ஒன்பதுக்கு ஆட்டோ வந்துவிடும், ரங்கசாமி ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகமாட்டான், வாசலில் நின்று ரெண்டு தடவை ஆரன் அடிப்பான். அதற்குள் சாந்தாமணி சாப்பிட்டு, சேலை மாற்றி, செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நிற்பாளா. முந்தாநாள் செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை. "இன்னைக்கு வேண்டாமுங்க" என்றாள், பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போகவேண்டாம் என்று சொல்வதைப் போல. ரங்கசாமி ஆரன் அடித்துப் பார்த்தான், நான் வெளியே போய்க் கையைக் காட்டினேன், அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். இன்று வியாழன். காலையில் பல் விளக்கிவிட்டு வந்து மறுபடியும் சொன்னாள். "நான் வல்லீங்க." அவ்வளவுதான். அழுகை இல்லை, கோபம் இல்லை. கோபம் இருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம், அது எனக்கு நன்றாக வரும். "முட்டை தின்னுட்டுப் பேசிக்கலாம் புள்ள" என்றேன். "செரி, வேக வையுங்க" என்றாள். அந்தச் செரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த அடுப்படியில் நிற்கிறேன். தொடர்ந்து ரெண்டு தடவை விட்டால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், போன தடவை மாதிரி இழுத்துக்கொண்டு வந்துவிட முடியாது என்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். செவ்வாய் ஒன்று. இன்று போகாவிட்டால் ரெண்டு.

தண்ணீர் இன்னும் சும்மா கிடக்கிறது. முட்டைகளைப் பார்த்தால் ஒன்றும் ஒழுங்காகப் படுக்கவில்லை. புது முட்டை என்றால் அடியில் பொத்தென்று படுத்துவிடும். இவை பருத்த பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கின்றன, ஒன்று கிட்டத்தட்ட நட்டமாகவே நிற்கிறது. உள்ளே காற்று ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும், என்றைக்கு முட்டை இது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய செவ்வாய்க்கிழமை காலையில் பண்ணையிலிருந்து நான் கொண்டுவந்த ஆறு முட்டை. அங்கே பதினோரு நாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம், முட்டையே வேண்டாம் என்று அவள் தள்ளிவிட, வந்து அஞ்சு நாள். பதினாறு. சீ, வேறு கணக்கே வரக்கூடாதா. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று எங்கள் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள், பதினாறில் நாங்கள் பெற்றது ஒன்றே ஒன்று, கோகிலவாணி, அவளும் கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள். இன்னொரு பதினாறும் இருக்கிறது, பந்தல் போட்டு, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு, இலை போடுகிற பதினாறு. அந்தப் பக்கம் போகாதே நாச்சிமுத்து. பதினாறு நாள் முட்டையைப் பெண்டாட்டிக்கு அவித்துக் கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டாயே, அதை மட்டும் நினை, அதுவே போதுமான கேவலம். முப்பத்தொரு வருடம் கோழிப்பண்ணையில் இருந்தவன் நான். முட்டையைக் கையில் எடுத்தால் எடை சொல்வேன். இருட்டு அறையில் லைட்டுக்கு முன்னால் பிடித்து, ரத்தப்பொட்டு இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று பார்த்துப் பிரிப்பதுதான் என் வேலை. பழசெல்லாம் முதலில் லாரி ஏறும், கேரளாவுக்குப் போகும், எங்கெங்கோ போகும். அன்றைக்கு விட்ட முட்டை அன்றைக்கே பண்ணை ஆட்களின் வீட்டுக்குப் போகும். அது எங்களுக்குள் ஒரு கௌரவம். நெல் விளைகிற ஊரில் ரேஷன் அரிசி வாங்கித் தின்பானா ஒருவன்? அப்படி.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சாந்தாமணிக்குக் கிட்னி போகும்வரை நான் ஒரு முட்டை அவித்ததில்லை. எத்தனை லட்சம் முட்டை இந்தக் கை வழியாகப் போயிருக்கும், ஒன்றைக்கூட நான் உரித்ததில்லை. தட்டில் உரித்துத்தான் வரும், வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். அது முட்டையின் சுபாவம் என்று நினைத்திருந்தேன். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து அடுப்படியைக் கையில் எடுத்த முதல் நாளே புத்தி வந்தது. ஓட்டைப் பிய்த்தால் கூடவே வெள்ளையும் பிய்ந்துகொண்டு வந்தது. நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்து முடித்தபோது எலி கொறித்துப் போட்ட கொழுக்கட்டையாக இருந்தது. நாலு முட்டையில் தட்டுக்கு வந்து சேர்ந்தது ரெண்டரை இருக்கும், மீதி ஓட்டோடு குப்பைக்கு. அன்றிலிருந்து நான் பண்ணாத வித்தை இல்லை. சுடுதண்ணீரில் போட்டேன், பச்சைத்தண்ணீரில் போட்டேன். வெந்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டேன். சோடா உப்பு, வினிகர், எலுமிச்சம்பழம். பருத்த பக்கத்தில் ஊசியால் ஓட்டை போட்டேன். கோகிலா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள், டப்பாவில் போட்டு மூடிக் குலுக்கினால் ஓடு தானாகக் கழன்றுவிடும் என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே செய்கிறாள். குலுக்கினேன். திறந்து பார்த்தால் ஓட்டுத்தூள் போட்ட உப்புமா. அன்றைக்கு சாந்தாமணி சிரித்தாள், தலையணையில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கு ரோசம் வந்து டப்பாவைத் தூக்கிப் போட்டேன். பொத்திக்கொண்டு கூடச் சிரித்திருக்கலாம். அப்புறம் அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆல்புமின் குறைகிறது, புரதம் போதவில்லை, முட்டை கொடுக்கிறீர்களா இல்லையா என்று கேட்பார்கள். கொடுக்கிறேன் மேடம், நாலு கொடுக்கிறேன் என்பேன். பொய் இல்லை. அவித்தது நாலுதான்.

கொதிக்க ஆரம்பித்துவிட்டது. முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற சத்தம். மணி எட்டு இருபது, இன்னும் பன்னிரண்டு நிமிடம். தீயைக் குறைத்தேன். உள்ளே இருமுகிறாள். இந்த இருமல் நேற்று இல்லை, இல்லை, நேற்று சாயங்காலம் ஒருமுறை இருந்தது, நான்தான் மிளகாய் வறுத்த நெடி என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொள்ளத் தோதாக மிளகாயும் வறுத்திருந்தேன். கால் வீங்கியிருக்கிறது. காலையில் காபிக்குப் பதில் கொடுக்கிற அரை டம்ளர் பாலை அவள் வாங்கும்போது கொலுசுக்கு மேலே பார்த்தேன், விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும், நான் அழுத்திப் பார்க்கவில்லை. தெரிந்து என்ன செய்ய. போன தடவையும் இப்படித்தான், கால், அப்புறம் இருமல், அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. தினமும் அஞ்சரைக்கு மொபட்டை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய்விடுவேன். ஏழு கிலோமீட்டர். வேலையை விட்டாலும் என்னை யாரும் தடுக்கமாட்டார்கள், நேராக ஷெட்டுக்குள் போய், அப்போதுதான் உருண்டு வந்து கம்பியில் நிற்கிற முட்டையாகப் பார்த்து எடுப்பேன், கன்னத்தில் வைத்தால் சூடு தெரியும். ஆறு எடுப்பேன், நாலு அவளுக்கு, ரெண்டு சேதாரத்துக்கு. துண்டில் சுற்றித் தூக்குப்போசியில் வைத்து, குழி மேடு பார்த்து ஓட்டிக்கொண்டு வருவேன். மழைக்கும் நின்றதில்லை. என்னால் அவளுக்குப் பதிலாக ஊசி குத்திக்கொள்ள முடியாது, அவள் படுக்கிற நாலு மணி நேரத்தை நான் படுக்க முடியாது, என் கிட்னியும் அவளுக்குச் சேராது என்று சொல்லிவிட்டார்கள். முட்டையாவது சூடாறாமல் வரட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி வந்து கதவைத் திறந்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ. நான் ஷெட்டுக்குள் நின்று எந்த முட்டை அதிகச் சூடு என்று கன்னத்தில் ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். அதற்குப் பிறகு காலையில் அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கும் போகவில்லை. அதனால்தான் பதினாறு நாள் முட்டை. சனிக்கிழமைக்கு யாரையாவது விட்டுப் புதிதாக நாலு கொண்டுவரச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை. சனிக்கிழமை என்று எவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

போன் அடித்தது. கோகிலா. பொழுது விடிந்தால் அவளுக்கும் இதே நினைப்பாகத்தான் இருக்கும், பாவம். "அப்பா, அம்மா கெளம்பியாச்சுங்களா?" "முட்டை வெந்துட்டு இருக்குது கண்ணு." "அதில்லீங்ப்பா, இன்னைக்குப் போறாங்கல்ல?" "போவாம? தின்னுட்டுக் கெளம்ப வேண்டியதுதான்." "செவ்வாய்க்கெழமையும் இப்படித்தான் சொன்னீங்க. அம்மாகிட்டக் குடுங்க, நான் பேசறேன்." "குளிச்சுட்டு இருக்கறா கண்ணு, அப்பறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். குளிக்கிறாளாம். ரெண்டு தலையணைக்கு முதுகைக் கொடுத்து, சாமி படத்துக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொய் சொல்வதில் எனக்கு இந்த மூன்று வருடத்தில் நல்ல பழக்கம். மகளிடம் அம்மா தேவலை என்பேன், அம்மாவிடம் மகள் அடுத்த வாரம் வருகிறாள் என்பேன், என்னிடம் நான் என்ன சொல்லிக்கொள்கிறேனோ. ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஆட்டோவில் கேட்டேன், ரொம்ப வலிக்குதா புள்ள என்று. "வலியெல்லாம் பழகிப்போச்சுங்க. அலுப்பா இருக்குது" என்றாள். வலிக்கு மாத்திரை இருக்கிறது. அலுப்புக்கு நான் எங்கே போவேன்? அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. கையில் ஊசி ஏறி ஏறிப் புடைத்து நிற்கிற அந்த நரம்பைப் பார்த்தால், போதும் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. தோன்றிய உடனே பயம் வருகிறது, அவள் போதும் என்றால் எனக்கு என்ன இருக்கிறது. இந்த வீட்டில் நாலு முட்டை யாருக்கு அவிப்பேன். என் பயத்துக்காக அவளை ஊசி குத்திக்கொள்ளச் சொல்கிறேனா. ஆமாம் என்றால் ஆமாம்தான். எனக்கு வெட்கமில்லை, அவள் இருக்க வேண்டும்.

எட்டு முப்பத்திரண்டு. அடுப்பை அணைத்து, சுடுதண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மேல் அலமாரியைப் பார்த்தேன், ரவை டின்னுக்குப் பின்னால் உப்பு ஜாடி இருக்கிறது. ஒளித்து வைத்தது நான்தான். முதல் வருடத்தில் ஒருநாள் அடுப்படிக்கு வந்தால், சாந்தாமணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று விரலை நாக்கில் வைக்கிறாள். ஒரு கல் உப்பு. அதற்குப் போய் நான் கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு பெண் உப்பைத் திருடித் தின்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று அன்றைக்குத் தோன்றவில்லை, கத்தி முடித்துவிட்டு ஜாடியை அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். அதிலிருந்து நானும் உப்பில்லாமல்தான் தின்கிறேன், அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. மஞ்சள் அப்படி இல்லை. மஞ்சளை நான்தான் தின்கிறேன். வெள்ளையைத் தனியாக எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, நாலு மஞ்சளையும் இந்த மேடையில் நின்றுகொண்டே வாயில் போட்டு, தண்ணீர் குடித்து விழுங்குவேன், அவள் கண்ணில் படாமல். கல்யாணமான புதிதில் தலைகீழாக இருந்தது. முட்டையைப் பிளந்து, மஞ்சளை எடுத்து, உப்பும் மிளகும் தூவி, கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். வெள்ளையை என் தட்டில் போடுவாள். "வெள்ளை என்னத்துக்கு ஆவும், ரப்பராட்ட இருக்குது, நீங்க தின்னுங்க" என்பாள். முட்டைக்காரனைக் கட்டிக்கொண்டதில் கண்ட சுகம் அது ஒன்றுதான் என்று அவள் தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ஆறிவிட்டது. ஒன்றை எடுத்து மேடையில் தட்டினேன், பருத்த பக்கம், லேசாக. விரிசல் விட்டது. நகத்தை விட்டேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் வெள்ளை பிய்ந்துகொண்டு வரும். ஒன்றும் ஆகவில்லை. ஓடு சவ்வோடு சேர்ந்து கழன்றது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, தொப்பியைக் கழற்றிய மாதிரி மேல்பாதி கையோடு வந்துவிட்டது. கீழ்ப்பாதியை அழுத்தினேன், முட்டை வழுக்கிக்கொண்டு உள்ளங்கையில் விழுந்தது. முழுசாக. ஒரு பொட்டு வெள்ளை ஓட்டில் இல்லை. ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரெண்டாவதைத் தட்டினேன், அதுவும் அப்படியே. மூன்றாவது. சந்தோஷமாக இருந்தது, ஆமாம், ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பார் புள்ள என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். அப்போது ஆஸ்பத்திரி வாசலில் அவித்த முட்டை விற்கிறவள் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். அந்தப் பதினோரு நாளும் உள்ளே விடாத நேரத்தில் அவள் வண்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். முட்டையை எடுத்து வண்டியில் ஒரு தட்டு, ஒரு உருட்டு, ஒரு பிதுக்கு, ஓடு வளையமாக விழும். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். பொறுக்க முடியாமல் கேட்டேன், என்ன சேர்க்கிறே என்று. "ஒண்ணும் சேக்கறதில்லீங்ணா, தண்ணியும் தீயுந்தான். முட்டை பழசா இருக்கோணும். பத்து நாளாவது ஆவோணும். புது முட்டை ஓட்டை உடாதுங், கெட்டியாப் புடிச்சுக்கும்." எனக்கு வந்ததே கோபம். "எனக்கே முட்டை சொல்லித் தர்றியா நீ? முப்பத்தொரு வருசம் பண்ணைல இருந்தவன் நான்" என்றேன். அவள் அடுத்த முட்டையைத் தட்டிக்கொண்டே, "பண்ணைல இருந்தீங்க செரி. அவிச்சீங்களா?" என்றாள். பழைய சரக்கு விற்கிறவள் அப்படித்தான் சொல்வாள் என்று விட்டுவிட்டேன். விட்டது மட்டுமில்லை, மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

நாலாவது முட்டை கையில் இருக்கிறது, தட்டப் பயமாக இருக்கிறது. இதுவும் முழுசாக வந்துவிட்டால் அவள் சொன்னது நிச்சயம். தட்டினேன். வந்துவிட்டது. அப்படியென்றால் மூன்று வருடமாக விடியற்காலையில் ஏழு கிலோமீட்டர் போய், இருக்கிறதிலேயே உரியாத முட்டையாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கன்னத்தில் ஒற்றிப் பார்த்து. தினம் ஒன்றரை முட்டையின் வெள்ளையைக் குப்பையில் போட்டிருக்கிறேன், ஆல்புமின் குறைகிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகப் போய் இன்னும் கொஞ்சம் சூடாகக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றரை முட்டையா ஒரு உயிரைப் பிடித்து வைக்கும், சும்மா இரு, டாக்டரம்மாவிடம் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்றுதான் சொல்வார். சொல்வாரா. தினம் ஒன்றரை, மாதம் நாற்பத்தஞ்சு, வேண்டாம், பெருக்காதே. கை ஈரத்தைத் துடைக்கிறபோது கண் கிரைண்டருக்கு அடியில் போயிற்று. அங்கே ஒரு அட்டை முட்டை எப்போதும் இருக்கும், பழைய காலத்தில், அவள் நன்றாக இருந்தபோது. ஒருநாள் நான் அதைப் பார்த்துவிட்டேன். அவள் அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார், அவருக்கு முட்டைக் குழம்பு பிடிக்கும், அதற்காக அவித்துக்கொண்டிருந்தாள். "நான் அன்னன்னைக்கு முட்டை கொண்டாந்து கொட்டறேன், இவ பத்து நாள் முட்டையப் பதுக்கி வெச்சுக் குழம்பு வெக்கறா. பண்ணைக்காரன் பொண்டாட்டியா நீ?" என்று அண்ணன் முன்னாலேயே கேட்டேன். அந்த அட்டையை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் அட்டை இல்லை, எங்கள் வீட்டில் அவித்த முட்டைக் குழம்பும் குறைந்துவிட்டது, ஏன் குறைந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குக் கண் கெடவில்லை, முப்பத்தொரு வருடம் லைட்டுக்கு முன்னால் முட்டையைப் பிடித்துப் பார்த்த கண், நன்றாகவே இருக்கிறது. அதுதான் இன்னும் கொடுமையாக இருக்கிறது.

மணி எட்டு ஐம்பது. நூலால் ஒவ்வொன்றையும் ரெண்டாகப் பிளந்து, மஞ்சளை அலுங்காமல் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். எட்டு அரைகள் தட்டில், ஒன்றுகூடக் கிழியாமல். இன்றைக்கு மேடையில் நின்று மஞ்சளை விழுங்கத் தோன்றவில்லை, கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாந்தாமணி தட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மூச்சு இரைத்தது, ஆனாலும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "பழைய முட்டையாட்ட இருக்குது" என்றாள். கட்டிலில் உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமா?" "தெரியாம? நான் எத்தனை வருசம் அவிச்சிருக்கறன்." "அப்பறம் ஏம் புள்ள ஒரு வார்த்தை சொல்லல? மூணு வருசமா பிச்சுப் பிச்சுக் குடுக்கறன்." அவள் கையால் என் முழங்காலைத் தொட்டாள், ஊசி குத்தாத கை. "வெடியால எந்திரிச்சு சூட்டோட கொண்டாறீங்க. வந்ததும் வராததுமா போசியத் தொறந்து தொட்டுப் பாரு தொட்டுப் பாருங்கறீங்க. பழசாக் கொண்டாங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?" நான் சொன்னேன், என்னவெல்லாமோ சொன்னேன், இனிமேல் பத்து நாள் முன்னாலேயே வாங்கி வைக்கிறேன், வெள்ளை முழுசாக உள்ளே போகும், ஆல்புமின் ஏறிவிடும், ஆறு மாதத்தில் ஏறிவிடும், இன்றைக்கு மட்டும் ஆட்டோவில் ஏறு, இன்றைக்கு மட்டும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், குழந்தை கதை சொல்லும்போது கேட்கிற மாதிரி. அப்புறம் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "வெள்ளைய நீங்க தின்னுங்க. மூணு வருசமா மஞ்சளையே முழுங்கி உங்களுக்கும் சலிச்சிருக்கும்." எனக்குத் தெரியாமல் போய்விட்டதே, இதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "எனக்கு மஞ்சக்கரு கொண்டாங்க" என்றாள். "உப்பும் மொளகும் தூவி."

வாசலில் ஆரன் அடித்தது. ரெண்டு தடவை. நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. "ரங்கசாமிய நிக்க வெக்காதீங்க, பாவம். போவச் சொல்லீருங்க" என்றாள், செவ்வாய்க்கிழமை சொன்ன அதே குரலில். கத்தியிருக்கலாம். காலைப் பிடித்திருக்கலாம். தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டிருக்கலாம், எடை ஒன்றும் இல்லை அவள், நாற்பது கிலோ இருந்தால் அதிகம், அதிலும் பாதி தண்ணீர். தூக்குவதற்குக் கை போயிற்று. அவள் நகரவில்லை, மறுக்கவும் இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நின்றாளே அந்தப் பார்வை. கையை எடுத்துவிட்டேன். எழுந்து அடுப்படிக்கு வந்தேன். கிண்ணத்தில் நாலு மஞ்சளும் இருந்தன. அஞ்சறைப்பெட்டியிலிருந்து மிளகை எடுத்து இடித்தேன், அவளுக்குக் கொரகொரப்பாக இருந்தால்தான் பிடிக்கும். முக்காலியைப் போட்டு ஏறி ரவை டின்னை நகர்த்தினேன், ஜாடி இருந்தது, மூடியில் தூசி படிந்திருந்தது. இறங்கி வேட்டி நுனியால் துடைத்தேன். வாசலில் ரங்கசாமி மறுபடியும் ஆரன் அடித்தான், அண்ணா என்று கூப்பிட்டான். அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் ஜாடியைத் திறந்தேன். ஒரு சிட்டிகை எடுத்து மஞ்சள் மேல் தூவினேன். பத்தாது என்று தோன்றியது. இன்னொரு சிட்டிகை எடுத்தேன்.